மில்லுல "வேலை இல்ல, பொறவு கூப்பிடுதோம்"னு அனுப்பிட்டாங்களா? லே-ஆஃப், இ.எஸ்.ஐ. உதவித்தொகை, பி.எஃப். – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் ஸ்பின்னிங் மில்லுல வைண்டிங் டிபார்ட்மெண்ட்ல பதினோரு வருஷம் வேலை பார்த்தவ. 2023ல நூலுக்கு விலை இல்லாம தமிழ்நாட்டுல ஏகப்பட்ட மில்லுங்க உற்பத்திய நிறுத்துனாங்கல்லா, அப்பதான் எங்களுக்கும் லே-ஆஃப் போட்டாங்க, வருஷக் கடைசில மொத்தமா கணக்கு முடிச்சு அனுப்பிட்டாங்க. அந்த ஆறு ஏழு மாசம் நான் எறங்காத ஆபீஸ் படி கிடையாது. இப்போ எங்க ஊர்ல யாருக்கு லே-ஆஃப்னாலும் ரேஷன் கடை வரிசைல, பஸ்ஸுல, கோயில் கொடைல பாத்துட்டாக்கூட, "யக்கா அந்தக் காசு எப்படி வாங்குன"ன்னு கேக்குதாங்க. ஒவ்வொருத்தருக்கா சொல்லி மாளல, அதான் கேட்ட கேள்வியெல்லாம் சேத்து இங்கன எழுதிப் போடுதேன்.

லே-ஆஃப்னா வேலை போயிருச்சுன்னுதான அர்த்தம்?

இல்ல. முதல்ல இத மனசுல ஏத்திக்கிடுங்க, இதுல குழம்புனா பொறவு எல்லாத்துலயும் குழம்பும். சென்னைல ஐ.டி. பிள்ளைங்க "லே-ஆஃப் பண்ணிட்டாங்க"ன்னா வேலைய விட்டே தூக்கிட்டாங்கன்னு அர்த்தம். ஆனா நம்ம தொழிலாளர் சட்டத்துல லே-ஆஃப்னா உங்க பேரு ரோல்ல (மில்லோட ஆள் பட்டியல்ல) அப்படியே இருக்கு, ஆனா கரண்டு இல்ல, பஞ்சு இல்ல, சரக்கு தேங்கிருச்சு, மிஷின் பழுது, இல்ல வெள்ளம் மாதிரி இயற்கைச் சேதம்னு ஏதோ ஒரு காரணத்தால இன்னைக்கு உங்களுக்கு வேலை குடுக்க முடியலன்னு அர்த்தம். 2023 டிசம்பர் 17, 18ல தாமிரபரணி பொங்கி நம்ம திருநெல்வேலிப் பக்கமெல்லாம் மூழ்குச்சே, அப்போ தண்ணி புகுந்து ஓடாம கெடந்த யூனிட்டு எல்லாம் இந்தக் கணக்குலதான் வரும். ரோல்ல இருந்து பேர அடிச்சு கணக்கு முடிச்சுட்டாங்கன்னா அது ஆட்குறைப்பு, ரிட்ரென்ச்மெண்ட்னு சொல்லுவாங்க. ரெண்டுக்கும் வேற வேற காசு, வேற வேற ஆபீஸ்.

அதனால யாராவது எங்கிட்ட வந்து "எனக்கு காசு வருமா"ன்னு கேட்டா நான் திருப்பிக் கேக்குற முதக் கேள்வி, "உன் பேரு ரோல்ல இருக்கா இல்லையா"ங்கிறதுதான்.

எங்களுக்கு பேப்பர் எதுவும் தரல, மேஸ்திரி வாயாலதான் சொன்னாரு. என்ன செய்ய?

எழுத்துல கேளுங்க. தரலன்னா நீங்களே ஒரு வெள்ளத்தாள்ல "இன்ன தேதில இருந்து எனக்கு வேலை தரப்படவில்லை, நான் வேலை செய்யத் தயாராக இருக்கிறேன்"னு எழுதி, ரெண்டு காப்பி எடுத்து, ஒண்ண டைம் ஆபீஸ்ல குடுத்து இன்னொண்ணுல கையெழுத்து வாங்குங்க. வாங்க மாட்டேன்னா ரிஜிஸ்டர் தபால்ல அக்னாலெட்ஜ்மெண்ட் அட்டையோட அனுப்பிருங்க. பொறவு "அவளாத்தான் வராம நின்னுக்கிட்டா"ன்னு ஒரு பேச்சு வரும், அப்போ அந்த ரசீதுதான் நிக்கும்.

லே-ஆஃப் நாளுக்கு எவ்வளவு காசு? யாருக்கு உண்டு?

பேசிக்கும் டி.ஏ.வும் (அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும்) சேந்ததுல பாதி. மொத்தச் சம்பளத்துல பாதின்னு நெனச்சிராதீங்க. எனக்கு கைக்கு வார மொத்தம் 13,000, அதுல பேசிக்கும் டி.ஏ.வும் 10,400 தான், மத்ததெல்லாம் அலவன்ஸ். 10,400ஐ 26 நாளுக்கு வகுத்தா நாளுக்கு 400, அதுல பாதி 200. வார லீவு நாளுக்கு கிடையாது. ஆக முழு மாசம் லே-ஆஃப்ல இருந்தா 5,200.

இதுக்கு நிபந்தனை இருக்கு. அம்பது பேருக்குக் குறையாம வேலை செய்யுற ஃபேக்டரி, சுரங்கம், இல்ல எஸ்டேட்டா இருக்கணும். சீசனுக்கு மட்டும் ஓடுறதா இருக்கக் கூடாது. நீங்க ஒரு வருஷம் தொடர்ச்சியா வேலை பாத்திருக்கணும், அதாவது பன்னெண்டு மாசத்துல 240 நாள் (பிரசவ லீவும் அந்த 240ல சேரும், எங்க செக்‌ஷன்ல ஒரு மைனிக்கு இது தெரியாம நமக்கு இல்லபோலன்னு ஒதுங்கிட்டாங்க, பொறவு கூட்டிட்டுப் போய்ப் பேசித்தான் வாங்கினோம்). பதிலி ஆளுக்கு (வராத ஆளுக்குப் பதிலா வேலை பாக்குறவங்களுக்கு) கிடையாதுன்னு சட்டத்துல இருக்கு, ஆனா பதிலியாவே ஒரு வருஷம் தொடர்ந்து வேலை பாத்துட்டா அவங்க பொறவு பதிலிக் கணக்குல இல்ல, அவங்களுக்கும் உண்டு. இத மில்லுல யாரும் வாயத் தொறந்து சொல்ல மாட்டாங்க.

பன்னெண்டு மாசத்துல 45 நாளுக்கு மேல லே-ஆஃப் போச்சுன்னா, முன்னாடியே அப்படி ஒப்பந்தம் போட்டிருந்தா மட்டும் 45 நாளுக்கு மேல குடுக்க வேண்டாம். ஒப்பந்தம் இல்லன்னா குடுத்துத்தான் ஆகணும். எங்க மில்லுல 45 முடிஞ்ச மறுநாளே "இனி சட்டப்படி கெடையாது"ன்னு போர்டுல ஒட்டிட்டாங்க, ஒப்பந்தம் எங்கன்னு கேட்டதுக்குப் பதில் இல்ல.

இதெல்லாம் 1947ம் வருஷத்து தொழில் தகராறு சட்டத்துல இருந்தது. 2025 நவம்பர் 21ல இருந்து புதுசா தொழில் உறவுச் சட்டத் தொகுப்ப அமலுக்குக் கொண்டு வந்திருக்காங்க. பாதிச் சம்பளம், அம்பது பேர், ஒரு வருஷ சர்வீஸ் எல்லாம் அதுலயும் அப்படியே இருக்கு. மாறுனது என்னன்னா, முன்ன நூறு பேரு இருக்குற ஃபேக்டரி லே-ஆஃப் போட கவர்மெண்டுட்ட அனுமதி வாங்கணும், இப்போ முந்நூறு பேரு இருந்தாத்தான் வாங்கணும். நம்ம பக்கத்து சின்ன மில்லுங்களுக்கு இது எவ்வளவு வசதின்னு நீங்களே யோசிச்சுக்கோங்க. எனக்கு இதுல வருத்தம்தான்.

வேலையே இல்லன்னு சொல்லிட்டு தினமும் கேட் வரைக்கும் வரச் சொல்லுதாங்களே, போகணுமா?

போகணும், காசு வேணும்னா போயித்தான் ஆகணும். வேலை நாள்ல அவங்க சொல்ற நேரத்துக்கு ஒருதரமாவது வந்து ஆஜர் குடுக்கலன்னா அன்னைக்குக் காசு கிடையாதுன்னு சட்டத்துலயே இருக்கு. காலைல ஏழேமுக்காலுக்கு நாங்க நாப்பது அம்பது பேரு கேட்டுக்கு வெளிய வேப்பமரத்தடில நிப்போம், செக்யூரிட்டி அண்ணாச்சி ஒரு நீள நோட்டக் கொண்டு வருவாரு, டோக்கன் நம்பர் எழுதி கையெழுத்துப் போட்டுட்டு வந்த பஸ்ஸுலயே திரும்பிப் போவோம். உள்ள ரிங் ஃப்ரேம் ஓடுற சத்தமே கேக்காது. பதினோரு வருஷமா அந்தச் சத்தத்துக்குள்ள கத்திக் கத்திப் பேசிப் பழகுனவங்க, அன்னைக்கு ரோட்டுல நின்னுக்கிட்டு மெதுவாப் பேசிக்கிட்டோம்.

அந்த நோட்ட நீங்க தினமும் ஃபோன்ல ஒரு படம் எடுத்து வச்சுக்கோங்க. நான் எடுத்து வச்சேன். மூணாவது மாசம் எனக்கு ஆறு நாள் கொறச்சுப் போட்டிருந்தாங்க, படத்தக் காட்டுனதும் மறு வாரமே பேங்க்ல ஏறிருச்சு.

இன்னும் ரெண்டு விஷயம் இருக்கு. ஷிஃப்ட்டு நேரத்துக்குப் போய் நின்னு ரெண்டு மணி நேரத்துக்குள்ள வேலை தரலன்னா அன்னைக்கு லே-ஆஃப் கணக்குதான். அதே மில்லுல, இல்ல அஞ்சு மைலுக்குள்ள அவங்களோட இன்னொரு யூனிட்டுல, அதே சம்பளத்துல உங்களால செய்யக்கூடிய வேற வேலை குடுத்து நீங்க மாட்டேன்னு சொல்லிட்டா காசு போயிரும். அதனால மாட்டேன்னு சொல்லுறதுக்கு முன்ன ஒரு தடவைக்கு ரெண்டு தடவை யோசிங்க.

நான் டவுன்ல ஜவுளிக்கடைல வேலை பாக்கேன், எனக்கு லே-ஆஃப் காசு வருமா?

வராது. லே-ஆஃப் சட்டம் ஃபேக்டரி, சுரங்கம், எஸ்டேட்டுக்குத்தான். கடை, ஹோட்டல், லாட்ஜுல இருக்குறவங்களுக்கு அது கிடையாது. ஆனா உங்க கடைல பத்து பேருக்குக் குறையாம இருந்து, மாசச் சம்பளம் 21,000க்குள்ள இருந்து, இ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீட்டுக்குச் சம்பளத்துல கழிக்கிற காசு) பிடிச்சிருந்தா, அடுத்த கேள்வில சொல்லுதது உங்களுக்கும் பொருந்தும். ஆடித் தள்ளுபடி முடிஞ்சதும் ஆள நிப்பாட்டிருதாங்கன்னு நிறைய பிள்ளைங்க சொல்லுதாவ, அவங்க சம்பளச் சீட்டுல இ.எஸ்.ஐ.ன்னு 0.75 சதவீதம் கழிஞ்சிருக்கான்னு பாருங்க. அதுக்கு மேல முதலாளி தன் பங்கா 3.25 சதவீதம் கட்டணும்.

இ.எஸ்.ஐ.ல வேலை இல்லாதவங்களுக்கு காசு தாராங்களாமே? லே-ஆஃப்ல இருக்கும்போதே வாங்கலாமா?

லே-ஆஃப்ல இருக்கும்போது கிடையாது, ஏன்னா நீங்க இன்னும் அந்த மில்லு ஆளுதான். பேர அடிச்ச பொறவுதான். அந்தத் திட்டத்துக்குப் பேரு அடல் பீமித் வ்யக்தி கல்யாண் யோஜனா, 2018 ஜூலைல வந்துச்சு. மொதல்ல கால்வாசிச் சம்பளம்தான் குடுத்தாங்க, கொரோனா வந்த பொறவு 2020 மார்ச் 24ல இருந்து பாதியாக்குனாங்க. அதிகபட்சம் 90 நாள், ஆயுசுக்கு ஒரே ஒரு தடவை. அப்பப்போ நீட்டிச்சு நீட்டிச்சு ஓடுற திட்டம், அதனால போற அன்னைக்கு அமல்ல இருக்கான்னு கிளை ஆபீஸ்ல ஒரு வார்த்த கேட்டுட்டுப் பேப்பர நீட்டுங்க.

தகுதிக்கு ரெண்டு வருஷமாவது இ.எஸ்.ஐ.ல இருந்திருக்கணும். ஏப்ரல்–செப்டம்பர், அக்டோபர்–மார்ச்சுன்னு ஆறாறு மாசமா கணக்கு வச்சிருப்பாங்க, வேலை போறதுக்கு நேர் முந்தின ஆறு மாசத்துல 78 நாள், அதுக்கு முந்தின மூணு ஆறு மாசத்துல ஏதாவது ஒண்ணுல 78 நாள் காசு கட்டியிருக்கணும். தப்பு செஞ்சு வேலைய விட்டு எடுத்தவங்க, ரிட்டயர் ஆனவங்க, வி.ஆர்.எஸ். (விருப்ப ஓய்வு) வாங்குனவங்களுக்குக் கிடையாது.

இந்த 78 நாள்லதான் லே-ஆஃப் ஆளுங்க பயப்படுவாங்க, "நான் மூணு மாசமா வேலையே பாக்கலியே"ன்னு. எங்க காலத்துல இருந்த இ.எஸ்.ஐ. சட்டத்துல லே-ஆஃப் நாளுக்குக் குடுக்குற காசும் சம்பளம்னுதான் கணக்கு. அந்த 5,200லயும் எங்கிட்ட 39 ரூபா பிடிச்சாங்க, அதனால அந்த நாளுங்களும் 78ல சேந்துச்சு. 39 ரூபா பிடிக்காங்களேன்னு அன்னைக்கு சண்டைக்குப் போனவ நான். அந்த 39 ரூபாதான் பொறவு என்னைக் காப்பாத்துச்சு.

எவ்வளவு வரும்?

கடைசி நாலு ஆறு-மாசத்துல, அதாவது ரெண்டு வருஷத்துல உங்களுக்கு வந்த மொத்தச் சம்பளத்த 730 நாளால வகுப்பாங்க, அதுல பாதி. எனக்கு ரெண்டு வருஷத்துல மொத்தம் 2,92,000 வந்திருந்துச்சு. வகுத்தா நாளுக்கு 400, பாதி 200, தொண்ணூறு நாளைக்கு 18,000. ஒரே தடவையாவும் போடுவாங்க, மாசாமாசம் கேட்டாலும் போடுவாங்க. வேலை போன முப்பது நாள் கழிச்சுத்தான் விண்ணப்பிக்க முடியும். இடையில வேற வேலை கிடைச்சுட்டா அதோட நிக்கும்.

இதவிட பெரிய திட்டம் ஒண்ணு இருக்காமே?

இருக்கு, அதத் தவறவிட்டவ நான், அதனால இத மட்டும் கொஞ்சம் நீளமாவே எழுதுதேன், பொறுத்துக்கோங்க.

ராஜீவ் காந்தி ஷ்ராமிக் கல்யாண் யோஜனான்னு பேரு, 2005 ஏப்ரல்ல இருந்து இருக்கு, இதுவும் இ.எஸ்.ஐ. தான். ஃபேக்டரிய மூடிட்டாங்க, இல்ல உங்கள சட்டப்படி ஆட்குறைப்பு செஞ்சுட்டாங்க, இல்ல வேலையோட சம்பந்தமில்லாத விபத்துல 40 சதவீதத்துக்குக் கொறையாம நிரந்தர ஊனம் ஆயிட்டீங்கன்னா, முத வருஷம் முழுக்க பாதிச் சம்பளம், ரெண்டாவது வருஷம் கால்வாசி. மொத்தம் 24 மாசம். அங்க 90 நாள், இங்க ரெண்டு வருஷம், எம்புட்டு வித்தியாசம் பாருங்க.

எனக்கு ஏன் வரலன்னா, 2023 டிசம்பர் கடைசில வெள்ளத்துல வீட்டுக்குள்ள எறங்குன சகதியக் கழுவிக்கிட்டு இருக்கும்போது மில்லுல இருந்து ஃபோன் வந்துச்சு, "வந்து கணக்கு முடிச்சுக்கோங்க, செக் ரெடியா இருக்கு"ன்னு. போனேன். ஒரு டேபிள்ல அஞ்சாறு பேப்பர் அடுக்கி வச்சிருந்தாங்க, பென்சில்ல பெருக்கல் குறி போட்ட எடத்துல எல்லாம் கையெழுத்துப் போடச் சொன்னாங்க. வீட்டுல அரிசி நனைஞ்சு போச்சு, பிள்ளைக்கு புஸ்தகம் எல்லாம் போச்சு, செக்கு மட்டும்தான் என் கண்ணுல தெரிஞ்சுச்சு. போட்டுட்டேன். மூணாவது தாள்ல "சொந்தக் காரணங்களுக்காக நானாகவே பணியிலிருந்து விலகுகிறேன்"னு டைப் அடிச்சிருந்துச்சு. மில்லுக்காரங்க இ.எஸ்.ஐ. கம்ப்யூட்டர்ல ஒவ்வொரு ஆளுக்கும் வேலை இல்லாத மாசத்துக்கு ஒரு காரணத்தத் தேர்ந்தெடுக்கணும், ஆட்குறைப்புன்னு ஒண்ணு இருக்கு, வேலை இல்லன்னு ஒண்ணு இருக்கு, லெஃப்ட் சர்வீஸ்னு ஒண்ணு இருக்கு. என் பேருக்கு நேரா லெஃப்ட் சர்வீஸ். அதோட கதை முடிஞ்சுது. கிளை ஆபீஸ்ல இருந்த மேடம் நல்ல மனுஷி, ஸ்கிரீன என் பக்கம் திருப்பிக் காட்டி, "உங்க கம்பெனி ஆட்குறைப்புன்னு போட்டிருந்தா நான் அந்தத் திட்டத்துல எடுத்திருப்பேம்மா"ன்னு சொன்னாங்க.

பெரிய திட்டம் மட்டும் போகல. ஆட்குறைப்புன்னா வருஷத்துக்கு 15 நாள் சம்பளம், பதினோரு வருஷத்துக்கு 165 நாள் சம்பளம் நஷ்டஈடா வரணும், ஒரு மாச நோட்டீஸ் தரணும். நானாவே விலகுதேன்னு எழுதிக் குடுத்ததால அதுவும் இல்ல. கிராஜுவிட்டி 66,000 மட்டும் குடுத்தாங்க, அது எப்படியும் குடுக்க வேண்டியது, அஞ்சு வருஷம் முடிச்ச யாருக்கும் உண்டு. புதுச் சட்டத்துல ஆட்குறைப்பு ஆனவங்களுக்கு வேற தொழில் கத்துக்க இன்னொரு 15 நாள் சம்பளம், 45 நாளைக்குள்ள அக்கவுண்டுல போடணும்னு வேற சேத்திருக்காங்க, அதையும் கேட்டு வாங்குங்க.

யம்மா, யக்கா, அண்ணாச்சி, யாரா இருந்தாலும் சரி, கையெழுத்துப் போடுறதுக்கு முன்ன படிங்க. படிக்க நேரம் தரலன்னா "வீட்டுல கேட்டுட்டு நாளைக்கு வாரேன்"னு சொல்லிட்டு எந்திரிச்சு வாங்க. செக்கு எங்கயும் ஓடிராது.

எங்க விண்ணப்பிக்கணும்? என்னென்ன வேணும்?

இ.எஸ்.ஐ. வெப்சைட்ல உங்க இன்சூரன்ஸ் நம்பர வச்சு லாகின் பண்ணிப் போடலாம், இல்ல நேரா உங்க கிளை ஆபீஸ்ல குடுக்கலாம். மில்லுக்காரங்க மூலமாப் போகணும்ங்கிறத 2020லயே எடுத்துட்டாங்க. ஆதார், பேங்க் பாஸ்புக் காப்பி, இ.எஸ்.ஐ. நம்பர் கையில இருக்கட்டும்.

நம்ம ஆளுங்களுக்கு சிக்கலே இனிஷியல்லதான். இ.எஸ்.ஐ.ல "எம். செல்வி"ன்னு இருக்கும், ஆதார்ல புருஷன் பேரு முழுசாச் சேந்து இருக்கும், பேங்க்ல அப்பா இனிஷியல் இருக்கும். மூணும் பொருந்தலன்னா காசு நிக்கும். லே-ஆஃப்ல வீட்டுல சும்மா இருக்கும்போதே இத சரி பண்ணி வைங்க, மில்லோட தொடர்பு இருக்கும்போதுதான் ஹெச்.ஆர். கையெழுத்து சுலபமாக் கிடைக்கும்.

மருந்து மாத்திரைக்கு இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரிக்குப் போகலாமா?

லே-ஆஃப்ல தாராளமாப் போகலாம். பேர அடிச்ச பொறவும் உடனே நிக்காது. ஏப்ரல்–செப்டம்பர்ல 78 நாள் கட்டியிருந்தா அடுத்த ஜனவரி–ஜூன் வரைக்கும், அக்டோபர்–மார்ச்சுல கட்டியிருந்தா ஜூலை–டிசம்பர் வரைக்கும் உண்டு. சுகர் மாத்திரை நான் இதுலதான் வாங்கினேன்.

பி.எஃப். எடுத்துரலாமா?

எடுக்கலாம், ஆனா நான் கடைசியா எடுங்கன்னுதான் சொல்லுவேன். 2018 டிசம்பர்ல இருந்து, ஒரு மாசம் வேலை இல்லன்னா 75 சதவீதம், ரெண்டு மாசம் ஆச்சுன்னா முழுசும் எடுக்கலாம்னு இருந்துச்சு. 2025 அக்டோபர்ல பி.எஃப். வாரியம் இத மாத்தி, வேலை போன உடனே 75 சதவீதம், மீதி 25 பன்னெண்டு மாசம் கழிச்சுன்னு முடிவெடுத்தாங்க. லே-ஆஃப்ல இருந்து பேரு இன்னும் ரோல்ல இருந்தா இந்தக் கணக்குல வராது. மில்லு எக்ஸிட் தேதி (வேலைய விட்ட தேதி) போடலன்னா கடைசி பணம் கட்டி ரெண்டு மாசம் ஆன பொறவு நீங்களே யூ.ஏ.என். (உங்க பி.எஃப். நம்பர்) லாகின்ல போட்டுக்கலாம்.

பென்ஷன் பங்கத் தொடாதீங்க. பத்து வருஷம் ஆகலன்னா அதையும் எடுத்துரலாம்னு பிரவுசிங் சென்டர்ல ஆசை காட்டுவாங்க, எடுத்துட்டா அந்த வருஷமெல்லாம் அழிஞ்சு போச்சு. ஸ்கீம் சர்டிஃபிகேட் (பென்ஷனுக்கு எத்தன வருஷம் ஆச்சுன்னு காட்டுற சீட்டு) வாங்கி வச்சா அடுத்த வேலைல சேத்துக்கலாம். அஞ்சு வருஷத்துக்குள்ள 50,000க்கு மேல எடுத்தா வரி பிடிப்பாங்க, அதுவும் ஞாபகம் இருக்கட்டும்.

பீடி சுத்துறவங்களுக்கு? இலையே தர மாட்டேங்காங்க.

எங்கம்மா முக்கூடல்ல நாப்பது வருஷமா பீடி சுத்துதாவ, அதனால இது எனக்கு வீட்டு விஷயம். வாரத்துக்கு ஆறு நாள் இலை குடுத்தவங்க நாலு நாள், மூணு நாள்னு கொறைக்காங்க, இது லே-ஆஃப்தான், ஆனா யாரும் அப்படிப் பேரு சொல்ல மாட்டாங்க. வீட்டுல இருந்து சுத்துறவங்களுக்கு பி.எஃப். உண்டு, இ.எஸ்.ஐ. பெரும்பாலும் கிடையாது, அதனால மேல சொன்ன ரெண்டு திட்டமும் வராது. முக்கூடல்ல பீடித் தொழிலாளர் ஆஸ்பத்திரி இருக்கு, அடையாள அட்டை இருந்தா வைத்தியம் பாத்துக்கலாம். பாஸ்புக்குல நீங்க சுத்துன எண்ணிக்கையத்தான் எழுதுதாங்களான்னு வாராவாரம் பாருங்க. எனக்கு லே-ஆஃப் போட்ட மாசத்துல நானும் அம்மாகூட தட்டத் தூக்கி மடில வச்சேன். அம்மா ஆயிரம் முடிக்கும்போது நான் முந்நூறு தாண்டல, நூல் கட்டுற எடத்துல வெரல் அறுத்துக்கிட்டுது. அம்மா ஒண்ணும் சொல்லாம என் தட்டுல இருந்து பாதிய எடுத்து அவ தட்டுல போட்டுக்கிட்டா.

வேலைவாய்ப்பு ஆபீஸ்ல மாசாமாசம் தார காசு?

அது வேற. பதிஞ்சு அஞ்சு வருஷம் காத்திருக்குறவங்களுக்கு. பத்தாங்கிளாஸ் ஃபெயில் 200, பாஸ் 300, பன்னெண்டு 400, டிகிரி 600. மூணு வருஷம் வரைக்கும், மூணு மாசத்துக்கு ஒருக்கா பேங்க்ல ஏறும். குடும்ப வருமானம் வருஷத்துக்கு 72,000க்குள்ள, வயசு 40க்குள்ள, எஸ்.சி., எஸ்.டி.க்கு 45. மாற்றுத்திறனாளிகளுக்கு 600, 750, 1,000னு கூடுதலா, பத்து வருஷம் வரைக்கும். சின்னத் தொகைதான், ஆனா வீட்டுல படிச்சுட்டு சும்மா இருக்குற பிள்ளை இருந்தா பதிவ மூணு வருஷத்துக்கு ஒருக்கா புதுப்பிக்கிறத விட்டுராதீங்க.

நூறு நாள் வேலைக்குப் போகலாமா?

கிராமத்துல இருந்தா போகலாம். வேலை கேட்டு எழுதிக் குடுத்து 15 நாளைக்குள்ள தரலன்னா அதுக்கும் ஒரு வேலையில்லாப் படி உண்டு, மொத முப்பது நாளைக்கு கூலில கால்வாசி, பொறவு பாதின்னு 2005 சட்டத்துல இருக்கு. எழுதிக் குடுத்த தேதிக்கு ரசீது வாங்காம இத யாரும் வாங்குனதா நான் பாக்கல. 2025 டிசம்பர்ல 125 நாள்னு புதுச் சட்டம் பாஸ் ஆயிருக்கு, பஞ்சாயத்துல கேட்டுக்கிடுங்க.

மகன் அமெரிக்கால இருக்கான், ஃபர்லோன்னு சொல்லுதான். அதுவும் இதுதானா?

நம்ம சட்டத்துல லே-ஆஃப்னு சொல்றதுக்குப் பேருதான் அங்க ஃபர்லோ, வேலை இருக்கும், சம்பளம் இருக்காது. அங்க அந்தந்த மாநிலமே வேலையில்லாப் படி தரும், வழக்கமா 26 வாரம் வரைக்கும். 2025 அக்டோபர் 1ல இருந்து 43 நாள் அவங்க கவர்மெண்டே மூடிக் கெடந்துச்சே, அப்போ வீட்டுக்கு அனுப்புன கவர்மெண்ட் ஆளுங்களும் இத வாங்கலாம், ஆனா பொறவு மொத்தச் சம்பளமும் சேந்து வந்ததும் வாங்கினதத் திருப்பிக் கட்டணும். எச்-1பி விசால இருக்குற பிள்ளைங்களுக்கு ஒரு வார்த்தை: வேலை போச்சுன்னா 60 நாள்தான் அவகாசம், அதுக்குள்ள வேற கம்பெனி, இல்ல வேற விசா, இல்ல ஊருக்கு வரணும். வேலை இல்லன்னு சம்பளம் இல்லாம உக்கார வைக்குறது எச்-1பில கூடாது, கம்பெனி சம்பளம் குடுக்கணும். லண்டன்ல கொரோனா சமயத்துல கவர்மெண்டே 80 சதவீதம், மாசம் 2,500 பவுண்டு வரைக்கும் குடுத்துச்சு, அது 2021 செப்டம்பரோட முடிஞ்சு போச்சு.

லே-ஆஃப் காசு தரவே இல்லன்னா எங்க போக?

தொழிலாளர் உதவி ஆணையர் ஆபீஸ்ல மனு குடுங்க, சங்கம் இருந்தா சங்கத்தோட போங்க. திங்கக்கிழமை கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸ்ல மனு நாள், அங்க குடுத்தா தொழிலாளர் துறைக்கு அனுப்பி வைப்பாங்க, ஒரு நம்பர் கிடைக்கும். வர வேண்டிய பணத்துக்கு ஒரு வருஷத்துக்குள்ள மனு போட்டுருங்க. திருநெல்வேலியிலேயே தொழிலாளர் நீதிமன்றம் இருக்கு. வக்கீலுக்குக் காசு இல்லயேன்னு நெனைக்காதீங்க, மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுல ஆலைத் தொழிலாளிக்கும் பொம்பளைங்களுக்கும் வருமானம் எவ்வளவுன்னு பாக்காம வக்கீல் வச்சுத் தருவாங்க, 1987 சட்டத்துலயே இருக்கு. ராஜினாமா தாள எங்கிட்ட வெவரம் சொல்லாம வாங்குனாங்கன்னு நானும் அங்கதான் மனு போட்டிருக்கேன், கேஸ் நடந்துக்கிட்டு இருக்கு.

காசு வார வரைக்கும் வட்டிக்கு வாங்கலாமா?

வேண்டாம். வார வட்டி, ரன் வட்டி எதுவும் வேண்டாம். 2017ல நம்ம கலெக்டர் ஆபீஸ் வாசல்ல ஒரு குடும்பமே எரிஞ்சுது, அது கந்துவட்டியாலதான். தங்கம் ஒரு கிராம் இருந்தாலும் கூட்டுறவு பேங்க்ல வைங்க. கந்துவட்டிக்கு எதிரா 2003லயே தமிழ்நாட்டுல சட்டம் இருக்கு, யாராவது வீட்டு வாசல்ல வந்து மிரட்டுனா போலீஸ்ல சொல்லுங்க.

இந்தக் காச வாங்க வெக்கமா இருக்கு. எங்க வீட்டுக்காரரு வேண்டாம்னுட்டாரு.

எங்க வீட்டுலயும் அப்படித்தான் சொன்னாவ. நான் பழைய சம்பளச் சீட்ட எல்லாம் தரைல பரப்பி வச்சேன், பதினோரு வருஷத்துச் சீட்டு. ஒவ்வொண்ணுலயும் இ.எஸ்.ஐ. கழிச்ச வரிசைய மஞ்சத் தடவிக் காட்டுனேன். பிரசவத்துக்கு அப்புறம் ஒரு பத்து நாள்தான் வேலைக்குப் போன மாசத்துலயும் கழிச்சிருக்கான். "இது யாரு காசு சொல்லுங்க"ன்னு கேட்டேன். அவிய ஒண்ணும் பேசல, மறுநாள் காலைல கிளை ஆபீஸுக்கு வண்டில கொண்டு போய் விட்டாவ.

சரி, இந்தக் காச மட்டும் நம்பி குடும்பம் ஓட்ட முடியுமா?

முடியாது, பொய் சொல்ல மாட்டேன். லே-ஆஃப்ல மாசம் 5,200, அப்புறம் இ.எஸ்.ஐ.ல 6,000, அதுவும் மூணு மாசம்தான். மகளிர் உரிமைத் தொகை ஆயிரம், ரேஷன் அரிசி, அம்மாவோட பீடிக் காசு எல்லாம் சேத்து ஓட்டுனோம். வாடகை 2,500 போக, பிள்ளை பஸ் பாஸுல போச்சு, கறி மீன் நிப்பாட்டினோம், கொடைக்கு வரி மட்டும் கட்டுனோம். இ.எஸ்.ஐ. காசு பதினெட்டாயிரமும் மொத்தமா ஏறுன அன்னைக்கு மொதல்ல மளிகைக் கடை அண்ணாச்சி நோட்ட அடைச்சேன், 7,340 இருந்துச்சு. அவரு கணக்க அடிச்சுட்டு, பேப்பர்ல கொஞ்சம் கருப்பட்டி பொதிஞ்சு பிள்ளைக்குன்னு குடுத்தாரு. மீதில ஒரு பழைய தையல் மிஷின் வாங்கிப் போட்டேன், இப்போ நைட்டியும் பள்ளிக்கூட யூனிஃபார்மும் தைக்கேன்.

இன்னும் கேள்வி இருந்தா கேளுங்க, ராத்திரி மிஷின மூடுன பொறவுதான் ஃபோனப் பாப்பேன், தெரிஞ்சதச் சொல்லுதேன்.